வந்த வழி சொல்லாதவர்

அல்வாவிலிருந்து ஆரம்பித்தால்தான் ஆள் எப்படி என்பது சீக்கிரம் பிடிபடும். தெரிந்தவர் வீட்டுக்கோ வாடிக்கையாளர் வீட்டுக்கோ இனிப்பு கொண்டுபோவதென்றால், கடைப் பெயர் போட்ட பெட்டியோடு அவர் கொண்டுபோக மாட்டார். அதற்கென்றே பெயர் இல்லாத வெள்ளை அட்டைப்பெட்டிகள் ஒரு கட்டு வாங்கி அலமாரியில் வைத்திருந்தார். அல்வாவை அப்படியே வெள்ளைப் பெட்டிக்கு மாற்றிவிட்டு, கடைப் பெட்டியை நான்காகக் கிழித்துக் குப்பையில் போடுவார். சாப்பிட்டவர், "நல்லாருக்கே சார், எங்க வாங்குனீங்க?" என்று கேட்டால், "ஒரு எடத்துல" என்பார். மதுரையில் எல்லோருக்கும் தெரிந்த கடை அது. வாயில் வைத்ததுமே தெரிந்துவிடும். ஆனாலும் அவர் வாயால் அந்தப் பெயர் வராது.

அவரிடம் நான்கு வருடம் வேலை பார்த்தேன். சேர்ந்தது இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில். காளவாசலுக்குப் பக்கத்தில் ஒரு பெயிண்ட் கடைக்கு மேலே அலுவலகம், அதற்கும் மேலே அவர் வீடு. மதுரைக்கு வரும் வெளியூர், வெளிநாட்டு ஆட்களுக்கு அறை பிடித்துக் கொடுக்கும் இணையதளம் ஒன்றை நடத்தினார். தளத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன், அவர் பெயரையும் சொல்ல மாட்டேன். மரியாதையால் இல்லை. சொன்னால் யாராவது தேடிப் போய்ப் பார்ப்பீர்கள், அதுவும் அவருக்கு லாபமாகிவிடும்.

இந்தத் தொழில் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு தளத்தில் இன்னொரு தளத்துக்கு லிங்க் கொடுத்தால், தேடுபொறி அதை ஒரு சிபாரிசாக எடுத்துக்கொள்ளும். நாலு பேர் கைகாட்டும் கடை நல்ல கடையாகத்தான் இருக்கும் என்கிற அதே நியாயம். சிபாரிசு கூடினால், தேடும்போது அந்தத் தளம் மேலே வரும். அதனால் சின்னச் சின்னத் தளக்காரர்கள் எல்லாம் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதி, நீ என்னைக் காட்டு, நான் உன்னைக் காட்டுகிறேன் என்று லிங்க் மாற்றிக்கொண்டிருந்த காலம் அது. அந்தச் சமயத்தில்தான் நோஃபாலோ என்று ஒரு சொல் வந்தது. வலைப்பதிவுகளில் கண்டவர்களும் வந்து குப்பை விளம்பரம் ஒட்டிவிட்டுப் போவதைத் தடுக்க வந்த ஏற்பாடு. லிங்க்குக்குள்ளே அந்த ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டால், பார்ப்பவர் கண்ணுக்கு எதுவும் மாறாது. தொட்டால் தளம் திறக்கும். ஆனால் தேடுபொறிக்கு மட்டும், 'இந்த ஆளுக்கு நான் சிபாரிசு இல்லை, கணக்கில் எடுக்காதே' என்று காதோடு சொன்ன மாதிரி ஆகிவிடும். பக்கத்தின் உள்ளே இருக்கும் எழுத்தைத் திறந்து பார்த்தால் ஒழிய வெளியே தெரியாது.

எங்கள் ஆளுக்கு அல்வா கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. லிங்க் கேட்டு எழுதுகிற எல்லோருக்கும் மறுக்காமல் கொடுப்பார். "போட்டாச்சு, பாருங்க" என்று அன்பாகப் பதில் எழுதுவார். அவர்களும் பார்த்துவிட்டு, நம்பி, எங்கள் தளத்துக்கு லிங்க் கொடுப்பார்கள். பத்து நாள் பொறுத்து, ஒரு செவ்வாய்க்கிழமை, அத்தனை பேருடைய லிங்க்கிலும் நோஃபாலோ ஏறிவிடும். ஏற்றுவது யார் என்றால் நான்தான். அதை மறைத்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

"வெளிய எத்தன போவுது?" என்று கேட்பார்.

"நாப்பத்தி ரெண்டு சார்."

"நாப்பத்தி ரெண்டு ஓட்டையாம்மா? ஒழுகுதுல்ல. அடை."

ஒழுகுது என்பதுதான் அவருடைய சொல். வெளியே கொடுக்கிற ஒவ்வொரு லிங்க்காலும் தன் தளத்தின் பலம் சொட்டுச் சொட்டாகப் போகிறது என்று மனதார நம்பினார். ஒரு தடவை சமயநல்லூரில் ஃபோட்டோ ஸ்டுடியோ வைத்திருந்த ஒருவர் விவரமாக உள்ளே திறந்து பார்த்துவிட்டு ஃபோனில் சண்டைக்கு வந்தார். "அது சாஃப்ட்வேர் தானா போட்டுக்கிருது சார், நான் பாக்குறேன்" என்று இவர் குழைந்தார். அன்றே எடுக்கச் சொன்னார். அடுத்த செவ்வாய்க்கிழமை மறுபடி போடச் சொன்னார். அந்த மனிதர் இரண்டாம் தடவை திறந்து பார்க்கவில்லை. யாரும் இரண்டாம் தடவை பார்ப்பதில்லை என்பது அவருக்குத் தெரியும்.

தொழிலில்தான் இப்படி, வீட்டில் நல்ல மனுஷர் என்று சிலரைப் பற்றிச் சொல்வார்கள். இவரைப் பற்றி அப்படியும் சொல்ல வழியில்லை. நான் சௌராஷ்டிரா வீட்டுப் பெண். மதியம் அம்மா ஃபோன் செய்தால் எங்கள் மொழியில் இரண்டு வார்த்தை பேசுவேன். மூன்றாம் நாளே கூப்பிட்டு, "இங்க இருந்து என்ன போவுதுன்னு எனக்குத் தெரியணும்மா, தமிழ்ல பேசு" என்றார். ரசம் வைக்கலாமா, குழம்பு வைக்கலாமா என்று அம்மா கேட்டதைத் தவிர அங்கிருந்து ஒன்றும் போகவில்லை. நான்கு வருடம் என் அம்மாவோடு மாடிப்படியில் நின்றுதான் பேசினேன். இப்போது நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

இனி அவருடைய மச்சானைச் சொல்ல வேண்டும், அதாவது அவர் மனைவியின் அண்ணன். திருப்பரங்குன்றத்தில் இரண்டு டூரிஸ்ட் கார் வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டுக் கல்யாணங்களுக்கு வண்டி விட்ட பழக்கத்தில், கம்ப்யூட்டர் படித்துவிட்டுச் சும்மா இருந்த என்னை இந்த வேலைக்கு அனுப்பியவர் அவர்தான். மாப்பிள்ளை தொழில் தொடங்கியபோது முதல் கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். இரண்டுமே எங்கள் ஆளின் வாயிலிருந்து வந்ததில்லை. என்னைப் பற்றி யாராவது கேட்டால், "விளம்பரம் பாத்து வந்த பொண்ணு, அம்பது பேர்ல எடுத்தேன்" என்பார். நாங்கள் விளம்பரமே கொடுத்ததில்லை.

மச்சானும் ஒரு தளம் வைத்திருந்தார், எட்டு ஒன்பது வருடப் பழசு. அதில் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் ஒரே ஒரு பெரிய பக்கம் எழுதியிருந்தார். கோயிலுக்கு எந்தக் கோபுர வாசல் வழியாகப் போனால் கூட்டம் குறைவு, செருப்பை எங்கே விடுவது, மதியம் எத்தனை மணிக்கு நடை சாத்துவார்கள், மேலூர் பக்கம் போகிறவர்கள் எந்த பஸ் ஸ்டாண்டில் ஏற வேண்டும், ஆட்டோவில் எப்படிப் பேச வேண்டும். தன் காரில் ஏறாதவர்களுக்கும் உதவுகிற மாதிரி எல்லாம் இருந்தது. வந்துபோன வெள்ளைக்காரர்கள் ஊருக்குப் போய்த் தங்கள் பதிவுகளில் அந்தப் பக்கத்தைக் கைகாட்டி எழுதினார்கள். காசு கொடுத்தாலும் கிடைக்காத சிபாரிசு அது. பக்கத்தின் கடைசி வரி: 'தங்க அறை வேண்டுமென்றால் என் தங்கை கணவரின் தளத்தைப் பாருங்கள், நல்ல மனிதர்.' கூடவே லிங்க். உள்ளே எந்தச் சூதும் இல்லாத லிங்க்.

இவர் பதிலுக்குக் கொடுத்தது, தளத்தின் அடியில் நாற்பத்திரண்டோடு நாற்பத்து மூன்றாக ஒரு 'டாக்ஸி'. அதிலும் நோஃபாலோ. "சொந்தக்காரங்களுக்குமா சார்?" என்று கேட்டேன். "ஒழுகுறதுல சொந்தம் என்னம்மா, வேத்தாளு என்னம்மா?" என்றார்.

மகளுக்குக் காது குத்தினார்கள். எங்கள் பக்கம் காதுகுத்துப் பத்திரிகையில் தாய்மாமன் பெயர் எவ்வளவு முக்கியம் என்று சொல்லத் தேவையில்லை. மடியில் உட்கார வைப்பவர் அவர்தான், பெயரும் தனியாகக் கொட்டை எழுத்தில் வரும். பத்திரிகையை வடிவமைத்தது அலுவலகத்தில் நான். முடித்துக் காட்டியதும், "இன்னொன்னு ரெடி பண்ணு. அதுல மாமன் பேரு வேண்டாம்" என்றார். மாமன் பெயர் உள்ளது மனைவி வீட்டாருக்கு, இல்லாதது லாட்ஜ் முதலாளிகளுக்கும் வாடிக்கையாளர்களுக்கும். "கார் ஓட்டுறவர் பேரப் போட்டா அவங்க என்னத்த நெனப்பாங்க?" பிரஸ்ஸிலிருந்து இரண்டு கட்டாக வந்தது. பெயர் எழுத உட்கார்ந்த அவர் மனைவி இரண்டு கட்டையும் பிரித்து ஒன்றாகக் கலந்துவிட்டார், ஒரே பத்திரிகைதானே என்று. எழுதிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டேன்.

அக்கா என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். மதியம் கீழே இறங்கி வந்து அறை கேட்கிற ஃபோன்களை எடுப்பார், சம்பளம் கிடையாது. பேசுகிறவர்களிடம், "எங்களப் பத்தி எப்படித் தெரிஞ்சுக்கிட்டீங்க?" என்று கேட்கிற வழக்கம் அவருக்கு இருந்தது. கேட்டதை ஒரு நோட்டில் எழுதியும் வைத்தார். ஒரு நாள் அந்த நோட்டைக் கணவர் எடுத்துவிட்டார். "எப்படி வந்தா என்ன? வந்த வழி நமக்குத் தெரிஞ்சாப் போதும்."

அவருக்கு அது நன்றாகவே தெரியும். எங்கள் தளத்துக்கு வருகிறவர்கள் எந்தத் தளத்திலிருந்து வருகிறார்கள் என்று தினமும் காலையில் ஒரு பட்டியல் அச்செடுத்து அவர் மேஜையில் வைப்பேன். முதல் வரி என்றைக்கும் ஒன்றுதான், மச்சானுடைய பக்கம். இரண்டாவது வரி எங்கேயோ கீழே கிடக்கும். இதற்கிடையில் இவர் அறையோடு காரும் சேர்த்துக் கொடுக்க ஆரம்பித்திருந்தார், வேறு ஒருவருடைய கார்கள். மச்சான் எழுதியதை வாசித்தவர்கள் கடைசி வரியைத் தொட்டு இங்கே வந்து, அறையோடு காரையும் பேசிவிட்டார்கள். மச்சானுக்கு ஃபோன் வருவது குறைந்து, பிறகு நின்றேபோனது. ஒரு காரை விற்கிற நிலைமை. தன் பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை என்று அவர் நினைத்துக்கொண்டார். எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று காட்டும் வசதி அவருடைய மலிவான தளத்தில் இல்லை. அதனால் மாப்பிள்ளையிடம் கேட்க வந்தார்.

"மாப்ள, நம்ம பக்கத்துல இருந்து யாராச்சும் இங்கிட்டு வாராங்களா?"

"ஒருத்தரும் இல்ல மச்சான்."

பட்டியல் அவர் முழங்கைக்குக் கீழே இருந்தது. முதல் வரியை மறைத்துக்கொண்டுதான் அதைச் சொன்னார். நான் நின்றுகொண்டிருந்தேன்.

"அப்ப அந்த சைட்டு பேருக்கு வருசா வருசம் கட்டுற காச இனி கட்ட வேணாம்ல? நெட்டுல போட்டுப் பாத்தாச்சு, அம்புட்டுதான். இனிமே ஸ்டேஷன் வாசல்ல போய் நிக்க வேண்டியதுதான்."

"தண்டம் மச்சான். விட்ருங்க."

அவர் படி இறங்கிய சத்தம் அடங்கியதும் என்னைக் கூப்பிட்டார். அந்தத் தளத்தின் பெயர், அதாவது டொமைன், காலாவதியாகும் தேதியை எழுதி வைத்துக்கொள்ளச் சொன்னார். "கட்டாம விட்டா கொஞ்ச வாரம் தொங்கும், அப்புறம் விழும். விழுந்த அன்னைக்கே நம்ம பேருல எடுத்துரு. பழைய பேரும்மா. அத்தன பேரு குடுத்த லிங்க்கும் நமக்கு வந்துரும்." சந்தோஷமாகச் சொன்னார். மச்சான் சோறு போடாத ஒரு பொருளை வீசுகிறார், தான் பொறுக்கிக்கொள்கிறோம் என்கிற மாதிரி. அவர் மூஞ்சியில் ஒரு சின்ன வெட்கமாவது தெரியுமா என்று பார்த்தேன். இல்லை.

ஒரு வாரம் நான் வாயைத் திறக்கவில்லை. வேலை போய்விடும் என்கிற பயம்தான், வேறு நல்ல காரணம் எதுவும் என்னிடம் இல்லை. திறக்க வைத்தது அக்காதான். ஒரு மதியம் ஃபோனை வைத்துவிட்டு, "ஏம்மா, பேசுறவங்க பாதிப் பேரு எங்கண்ணன் எழுதுனத வாசிச்சுட்டுத்தான் பேசுறாங்க. செருப்பு விடுற எடத்தக்கூடச் சொல்றாங்க. அண்ணன் பக்கத்த ஒருத்தரும் பாக்கலன்னு இவரு சொல்றாரே, எப்படி?" என்றார்.

நான் அன்றைய பட்டியலைக் கொண்டுவந்து காட்டினேன். பிறகு 'டாக்ஸி' லிங்க்கின் உள்ளே திறந்து அந்த ஒரு சொல்லையும் காட்டினேன். பிறகு, அந்தப் பெயரைத் தன் பேரில் எடுக்க அவர் குறித்து வைத்திருந்த தேதியைச் சொன்னேன். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை.

"பத்திரிகையில செஞ்சதத்தான் இங்கயும் செஞ்சிருக்காரா?" என்றார். பிறகு, "அந்தப் பேர யாரு வேணும்னாலும் கட்டி நீட்டிக்கலாமா?" என்று கேட்டார்.

கட்டலாம். டவுன்ஹால் ரோட்டில் ஒரு கம்ப்யூட்டர் கடை மூலமாகத்தான் மச்சான் அந்தப் பெயரை வாங்கியிருந்தார். பணம் கட்டினால் போதும், அவர் பெயரிலேயே நீடிக்கும். கடையின் பெயரை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தேன்.

"யாரு கட்டுனதுன்னு அண்ணனுக்கும் தெரியக் கூடாது, இவருக்கும் தெரியக் கூடாது. அண்ணனுக்குத் தெரிஞ்சா தங்கச்சி காசுன்னு கூசிப் போவாரு. இவருக்குத் தெரிஞ்சா என்னாகும்னு ஒனக்கே தெரியும்."

தேதிக்கு மூன்று நாள் முன்னால், கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு டவுன் பஸ்ஸில் போய்க் கட்டிவிட்டு வந்தார். பணம் எங்கிருந்து என்று நான் கேட்கவில்லை. பத்து வருடத்துக்குக் கட்டியிருந்தார்.

குறித்த நாள் காலையில் எனக்கு முன்பே எங்கள் ஆள் வந்து உட்கார்ந்திருந்தார். ஒரு பெயர் எதுவரைக்கும் யாருக்குச் சொந்தம் என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பார்த்தார். இன்னும் பத்து வருடம் என்றிருந்தது. திரும்பத் திரும்பப் பார்த்தார். மச்சானுக்கு ஃபோன் போட்டு நயமாக விசாரித்தார், அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. டவுன்ஹால் ரோட்டுக் கடைக்கே போனார், யாரோ ரொக்கமாகக் கட்டினார்கள் என்றார்கள். மூன்று நாள் மனுஷர் சாப்பிடவில்லை. எது எங்கிருந்து வந்தது என்று ஆயுசுக்கும் யாரிடமும் சொல்லாதவர், இது எங்கிருந்து வந்தது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டு திரிந்தார். எனக்குப் பார்க்க நன்றாக இருந்தது.

நான்காம் நாள் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார்.

"தேதி ஒனக்கும் எனக்கும்தான் தெரியும். நீதான?"

இல்லை என்று சொன்னால், அப்ப யாரு என்பார். அந்தப் பதிலைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

ஃபோன் மேஜையிலிருந்து அக்கா எழுந்து வந்தார். "அந்தப் பிள்ளைய விடுங்க. நான்தான் கட்டுனேன்."

அவர் திரும்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். நிஜமாகவே சிரிப்பு. "ஒனக்கு என்ன தெரியும்? டொமைன்னா என்னன்னு சொல்லு பாப்போம்."

அக்கா சொன்னார். டொமைன் என்றால் என்ன, எந்தக் கடை, எந்தக் கிழமை, எத்தனை வருடம், யார் பெயரில் என்று ஒன்றுவிடாமல், தடுமாறாமல் சொன்னார். "எங்கண்ணன் பேர நீங்க எடுக்கப் போறீங்கன்னுதான் கட்டுனேன்" என்றும் சொன்னார். சொல்லிவிட்டுப் பர்ஸிலிருந்து மடித்த ரசீதை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

அவர் ரசீதைப் பிரித்து வாசித்தார். பிறகு அக்காவைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"ரசீதக்கூட இவகிட்டக் குடுத்து வச்சிருக்கியா? நல்லா சொல்லிக் குடுத்துருக்க."

அவ்வளவுதான். அதற்கு மேல் அக்கா என்ன சொன்னாலும் அவர் காதில் ஏறவில்லை. பாராட்டை யாருக்கும் கொடுக்காதவர் என்பது தெரியும். பழியைக்கூட உரியவருக்குக் கொடுக்க மாட்டார் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். என்னை அன்றே போகச் சொல்லிவிட்டார். வேலை போன வருத்தத்தைவிட, அக்கா முகத்தைப் பார்த்த வருத்தம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது. திட்டு வாங்கத் தயாராக, அடிக்குக்கூடத் தயாராக வந்து நின்றவர். இல்லாத ஆளைப் போல அவரைத் தாண்டிப் போய்விட்டது பேச்சு.

பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். பாதிப் படியில் அக்கா பின்னாலேயே வந்துவிட்டார், காலில் செருப்பு இல்லை.

"யார்ட்டயும் சொல்லாதன்னு சொன்னேன்ல. அது வேணாம். எங்கண்ணன்ட்டச் சொல்லு. கேக்குறவங்க எல்லார்ட்டயும் சொல்லு. நான்தான்னு சொல்லு."

அந்த ஞாயிற்றுக்கிழமையே திருப்பரங்குன்றம் போய் மச்சானிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கடைசி வரியை எடுத்துவிடச் சொன்னபோது, தங்கச்சி வீட்டுப் பேரை எப்படி எடுப்பது என்று தயங்கினார். பத்து வருடத்துக்குக் கட்டியது தங்கச்சிதான் என்றதும், "அப்ப எடுத்துரும்மா" என்றார். நானே எடுத்தேன். இரண்டு மாதத்தில் அவருக்கு மறுபடி ஃபோன் வர ஆரம்பித்தது, காரை விற்கவில்லை.

வெகு நாள் கழித்துச் சமயநல்லூர் பஸ்ஸில் ஒரு பழைய வாடிக்கையாளரைப் பார்த்தேன். என்னை அடையாளம் கண்டுகொண்டு, "நீங்கதான அவர ஏமாத்தி மச்சானுக்குப் பேரு கட்டிக் குடுத்த பொண்ணு? சார் இன்னும் சொல்லிக்கிட்டுத் திரியிறாரு" என்றார்.

"நான் இல்லைங்க" என்றேன். "அவரு பொண்டாட்டி."